பதினொன்றாம் குழியின் இடது பங்கர்

கிளப்புக்கு நான் கட்ட வேண்டியிருந்த தொகை நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எண்பது. கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. ஒரு பள்ளத்தில் மணலை மாற்றிக் கொட்டியதற்காக என் தலையில் விழுந்த கடன்.

கிளப் என்றால் கோல்ஃப் மைதானம். அப்போது பதினேழு வருஷமாக அங்கே எனக்கு மணல் வேலை. புல்வெளியில் அங்கங்கே மணல் போட்ட பள்ளங்கள் இருக்கும், பங்கர் என்பார்கள். ஆடுகிறவரின் பந்து உள்ளே விழுந்து அவர் அவதிப்படட்டும் என்றே வெட்டி வைத்த பள்ளம். முதல் தடவை இதைச் சொன்னபோது என் மனைவி, "காசு கொடுத்து அவதிப்படுறாங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர்களுக்குக் கேடி என்று பெயர் என்றதும், அந்த மாதிரி ஆட்களோடு சேராதீர்கள் என்றாள்.

மொத்தம் நாற்பத்தொரு பங்கர். விடிந்ததும் ஒவ்வொன்றிலும் இறங்கி, நேற்றைய காலடிகளையும் மட்டை கிழித்த கோடுகளையும் நீளக் கம்பில் பல் வைத்த ரேக்கால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். முதல் பந்து பறப்பதற்குள் முடிக்க வேண்டும். மழை கரைத்த ஓரத்தை வெட்டிச் சீராக்குவதும், மணல் குறைந்தால் புது மணல் கொட்டுவதும் நான்தான். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மணல்காரர் என்றால் தெரியும்.

அந்த வருஷம் பதினொன்றாம் குழியின் இடது பங்கருக்கு மணல் கொட்டச் சொன்னார் சூப்பர்வைசர். அதில் மணல் கரைந்து கரைந்து இரண்டு விரல் கனம்கூட இல்லை. அடியில் களிமண் தெரிந்தது. பம்ப் கொட்டகைக்குப் பின்னால் எப்போதும் இரண்டு குவியல் கிடக்கும். இடது பக்கம் பங்கர் மணல்: கல்லை உடைத்துச் செய்தது, சொரசொரப்பாக இருக்கும், கொட்டிய இடத்தில் கெட்டியாக உட்காரும். வலது பக்கம் கிரீனுக்குப் போடும் மணல். கிரீன் என்பது குழியும் கொடியும் இருக்கிற அந்த வழவழப்பான புல் மேடை. சலித்த பொடி மணலை அதன்மேல் மெல்லத் தூவித் தேய்த்துவிட்டால் மேடு பள்ளம் சமமாகும். அந்தப் பொடி சர்க்கரை மாதிரி நழுவும். விலையும் மூன்று மடங்கு.

அது மழை வாரம். இரண்டு குவியலுக்கும் ஒரே நீலத் தார்ப்பாய். ஈரத்தில் இரண்டும் ஒரே நிறம், பிடித்தால் இரண்டும் உருண்டையாக நிற்கும். காய்ந்தால்தான் எது எதுவென்று தெரியும். அந்த முறை லாரி பின்வாசல் வழியாக வந்ததில் குவியல்கள் இடம் மாறிக் கிடந்தன. எனக்குப் பதினேழு வருஷப் பழக்கம். யோசிக்காமல் கால் இடது பக்கம் போனது. அறுபத்திரண்டு தள்ளுவண்டி. இடுப்பு கழன்றுபோக இரண்டு நாள் கொட்டி, மிதித்து, இழுத்து முடித்துவிட்டு, பரவாயில்லை, நல்ல வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. நாலாம் நாள் பீரங்கி வந்தார்.

பீரங்கி என்பது நாங்கள் வைத்த பெயர். கட்டட முதலாளி. கமிட்டியில் மைதானத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவர் அடித்தால் பந்து எங்கே போனதென்று கேடிகள் நெற்றியில் கை வைத்துத் தேடுவார்கள். அன்று அவர் பந்து இடது பங்கரில் விழுந்து, உச்சந்தலை மட்டும் தெரியப் புதைந்துபோனதாம். மட்டையை வீசினார், மணல் பறந்தது, பந்து பறக்கவில்லை. நாலு தடவை அப்படி. ஐந்தாவது அடிக்கு வெளியே வந்த பந்து கிரீனைத் தாண்டி ஓடியது. அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார்.

சூப்பர்வைசர் போய் ஒரு பிடி மணலை அள்ளினார். விரல் இடுக்கில் எல்லாம் வழிந்துபோனது. என்னைப் பார்த்தார். மாற்றிக் கொட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அந்த வாரமே கமிட்டியிலிருந்து கடிதம். வீணான கிரீன் மணல் இருபத்துநாலாயிரத்து அறுநூறு. தோண்டி எடுக்க மிஷின் வாடகை பதின்மூவாயிரத்து முந்நூறு. வெளியாள் கூலி நாலாயிரத்து எண்ணூறு. மணலை ஏற்றிப்போக லாரி மூவாயிரத்து அறுநூற்று எண்பது. மாதம் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தாறு வீதம் முப்பது மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் படித்துக் காட்ட வந்தார். நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். நாற்பத்தாறு வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்று ஒரு நாள்தான் தோன்றியது.

வீட்டில் சொன்னபோது மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒன்பது வருஷம் தட்டுக் கழுவியவள். சோப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, உள்ளங்கை உரிந்து, சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாமல் ஆகியிருந்தது. ஆறு மாதம் அந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தோல் அப்போதுதான் மூடிக்கொண்டு வந்தது.

"பெரிய மனுஷங்க விளையாடுற மண்ணுக்கு நான் தட்டுக் கழுவணும், அவ்வளவுதானே? கழுவிட்டாப் போச்சு" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து கையுறையைக் கழற்றும்போது என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கை ஆற வேண்டும் என்பதுதான். அதற்கு அந்தக் கடன் ஒழிய வேண்டும்.

மணலை உடனே தோண்டவில்லை. மழை விட்டுத் தரை இறுகுவதற்குமுன் மிஷினை உள்ளே விட்டால் புல் கிழிந்து நாசமாகிவிடும். இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். அதுவரை என் தப்பு அப்படியே வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. தினமும் காலையில் நானே அதை ரேக்கால் அழகுபடுத்த வேண்டும். புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவன் தாண்டிப் போகும்போதெல்லாம், "அண்ணே, உங்க சொந்த நிலம் எப்படி இருக்கு?" என்று கேட்பான். விலை கொடுத்தது நான்தானே, அதனால் என் நிலமாம்.

இப்போது அந்தக் குழி, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து கொடிவரை உள்ள நீளம் முழுக்க, எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது.

அடிக்கிற இடத்தில் நின்று பார்த்தால் இடது பக்கம் புல்வெளி அகலமாக, தாராளமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். வலது பக்கம் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் ஓரமாக அடிக்க நெஞ்சில் தைரியம் வேண்டும். கிரீன் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இடது முன்பக்கம் உயரம், வலது பின்பக்கம் தாழ்வு. அந்த உயரமான முன்பக்கத்தை ஒட்டி, இடது பங்கர். ஆக, இடது பக்கத்திலிருந்து அடிக்கிற பந்து பங்கரைத் தாண்ட வேண்டும், தாண்டினால் சரிவில் இறங்கி ஓடும். ஓடாமல் நிற்க வேண்டுமென்றால் பங்கரின் உதட்டை ஒட்டியே விழ வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் மணல். வலது பக்கத்திலிருந்து வருகிற பந்துக்கு எதிரே பங்கரே கிடையாது. சரிவில் ஏறி வந்து தானாக நிற்கும்.

இதை வெட்டிய ஆள் யாரோ, எந்தக் காலத்திலோ, கெட்டிக்காரன். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆளைத் தவிர வேறு எவரும் வாய்க்கால் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காரணம், பங்கரில் பழைய மணல் கனமே இல்லாமல் கிடந்தது. பங்கரில் விழுந்தாலும் பந்து மேலேயே உட்காரும், தட்டினால் எழும்பும். சில பந்து எகிறி தானாகவே கிரீனுக்குப் போய்விடும். பள்ளத்துக்குப் பயம் இல்லையென்றால் சரிவுக்கும் பயம் இல்லை. எல்லாரும் இடது பக்கமே அடித்து, கொடியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விளாசினார்கள். நான் கொட்ட வேண்டிய சொரசொரப்பு மணலைக் கொட்டியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

பொடி மணல் விழுந்ததும் எல்லாம் மாறிப்போனது. ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை, காலையில் தடத்தைத்தான் பார்க்கிறேன். எழுத்து வகுப்பு டீச்சர் தினமும் பார்த்ததை மூன்று வரி எழுதச் சொல்லியிருந்தார். நான் பார்ப்பது மணல். அதனால் நோட்டில் மணலைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். முதல் வாரம் அந்தப் பங்கரில் ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து பேர் இறங்கிய தடம். சண்டை நடந்த இடம் மாதிரி கிடக்கும். இரண்டாம் வாரம் கிரீனுக்குப் பின்னால் புல்லில் வெட்டுக் காயம் கூடியது. பள்ளத்துக்குப் பயந்து நீளமாக அடித்து, சரிவில் ஓடவிட்டுப் பின்னால் போய் நின்றிருக்கிறார்கள். நாலாம் வாரம் வாய்க்கால் ஓரத்தில், இத்தனை வருஷமாகக் காயம் படாத புல்லில், மட்டை பெயர்த்த முதல் தடங்கள். ஆறாம் வாரம் பங்கரில் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்குமேல் இல்லை.

முதலில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பல் டாக்டரம்மா. அறுபதை ஒட்டிய வயது. மெல்ல அடிப்பார், புல்கூடப் பெயராது. நேராக அடிப்பார், தூரம் மட்டும் போகாது. ஒரு நாள் காலையில் முதல் ஆளாக வந்தவர், நான் இன்னும் அந்தப் பங்கரில் நிற்பதைப் பார்த்து, இந்த யோசனை யாருடையது என்று கேட்டார்.

"யாரும் யோசிக்கலைங்கம்மா. தப்பாக் கொட்டிட்டேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பளத்தில் பிடிப்பதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மன்னிக்கச் சொன்னார். பிறகு அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து சொன்னார்.

"இருபது வருஷமா இந்தக் குழியில தோத்துக்கிட்டு இருக்கேன். இந்தப் பள்ளத்தைத் தாண்டி அடிக்க எனக்குக் கையில வலு இல்ல. அதனால வாய்க்கால் ஓரமாப் போவேன். 'டாக்டரம்மா மீன் பிடிக்கப் போறாங்க'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. போன சனிக்கிழமை உங்க பீரங்கியை இங்கதான் ஜெயிச்சேன்."

பீரங்கி என்ற பெயர் அவருக்கும் தெரிந்திருந்ததைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்கடுத்த வாரம் பீரங்கியே தனியாக வந்தார். கேடி இல்லை, வண்டி இல்லை. பாக்கெட் நிறையப் பந்து. இடது பக்கத்திலிருந்து ஆறு பந்து அடித்தார். இரண்டு மணலில் புதைந்தது, மூன்று பின்னால் ஓடியது, ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. நான் ரேக்கை வைத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். கூப்பிட்டார். திட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் அவர் கேட்டது வேறு. மற்றவர்கள் பந்து எங்கே விழுகிறது, எத்தனை பேர் இதில் மாட்டுகிறார்கள் என்று கேட்டார். தடத்தில் பார்த்ததைச் சொன்னேன். நம்பவில்லை போலிருந்தது. நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். என் கோணல் எழுத்தை முகத்துக்கு அருகே வைத்து, பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு, தான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று கேட்டார்.

கோல்ஃப் மட்டையைத் துடைத்ததைத் தவிர நான் பிடித்ததில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார்.

"சார், நீங்க பள்ளத்தையே பாக்குறீங்க. மேடையைப் பாருங்க. மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் பந்தும் ஓடும். தண்ணி அந்த மூலையிலதான் போய் நிக்கும். அங்கேருந்து அடிச்சா ஏத்தம், நிக்கும். இங்கேருந்து அடிச்சா இறக்கம், ஓடும். இந்தப் பள்ளம் உங்களை அந்தப் பக்கம் போகச் சொல்லுது, அவ்வளவுதான்."

அடிக்கிற இடத்துக்குத் திரும்ப நடந்தார். வாய்க்கால் ஓரமாக அடித்தார். முதல் இரண்டு பந்தும் தண்ணீரில். மூன்றாவது ஓரத்துப் புல்லில் நின்றது. அங்கிருந்து சின்னதாக ஒரு அடி. பந்து சரிவில் ஏறி, தயங்கி, கொடிக்குப் பக்கத்தில் நின்றது. பெரிய ஆள் ஒருவர் தன்னந்தனியாகச் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தார். நாற்பது ஐம்பது பந்து வாய்க்காலுக்குக் கொடுத்தார். பணத்தைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். ரேக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போய்விடுவேன். அதற்குள் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு கையுறை மூன்றாகியிருந்தது.

தரை இறுகியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மிஷின் வந்து நின்றது. கமிட்டியிலிருந்து நாலு பேர், சூப்பர்வைசர், பல் டாக்டரம்மா எல்லாரும் பங்கரைச் சுற்றி நின்றார்கள். ஓரம் இடியாமல் பார்த்துக்கொள்ள என்னையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மிஷின் ஓட்டுகிறவர் எங்கே ஆரம்பிக்க என்று கேட்டார்.

"ஆரம்பிக்க வேணாம்" என்றார் பீரங்கி. "ரெண்டு மாசம் நாய் மாதிரி உழைச்சு இப்பத்தான் இந்தக் குழியைக் கத்துக்கிட்டேன். இப்பப் போய் மாத்துறேன்னா எப்படி?"

கூட வந்தவர்களில் ஒருவர், மணலை எடுக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றார். அப்போது சொன்னேன், இப்போது வேண்டாம் என்கிறேன் என்றார். சூப்பர்வைசர் மெதுவாக ஒரு சங்கடத்தைச் சொன்னார். பொடி மணல் காற்றில் கிரீன்மேல் பறக்கும், புல் வெட்டும் பிளேடு மழுங்கும். நியாயம்தான். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, பங்கருக்கும் கிரீனுக்கும் நடுவே இரண்டு முழ அகலத்துக்குப் புல்லை உயரமாக விட்டால் பறக்கிற மணலை அது பிடித்துக்கொள்ளும், காலையும் மதியமும் நான் தண்ணீர் தெளிக்கிறேன் என்றேன். தினமும் அரை மணி நேர வேலையை நானாகவே என் தலையில் ஏற்றிக்கொண்டேன். சூப்பர்வைசர் கொஞ்சம் யோசித்துவிட்டு, செய்து பார்க்கலாம் என்றார்.

சரி என்று எல்லாரும் கலையப் போனார்கள். பல் டாக்டரம்மா மட்டும் நகரவில்லை.

"அப்போ இவர் பணம்?" என்றார்.

"எந்தப் பணம்?" என்று கேட்டார் பீரங்கி.

பொய்க்குக் கேட்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். எங்கள் வீட்டில் எழுந்தது முதல் படுக்கும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்த பணம் அவருக்கு ஞாபகம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறக்கக்கூடிய பணம்தான் என்றால் விடக்கூடிய பணமும்தானே என்று ஒரு ஆசைதான் வந்தது.

சூப்பர்வைசர் கடிதத்தை ஞாபகப்படுத்தினார். பீரங்கி கட்டடக் கணக்குப் பார்க்கிறவர், விரலை மடக்கினார். மிஷின் வாடகை இல்லை, வெளியாள் கூலி இல்லை, லாரி இல்லை. மணல் விலை மட்டும் நிற்கிறது, இருபத்துநாலாயிரத்து அறுநூறு என்று நிறுத்தினார்.

"இந்தப் பள்ளத்துக்கு எப்படியும் மணல் போட்டுத்தானே ஆகணும்?" என்றார் பல் டாக்டரம்மா. "வாங்கின பங்கர் மணல் கொட்டகையில அப்படியே கிடக்கு. அதை மத்த பள்ளத்துக்குப் போடுங்க. நஷ்டம் எங்க இருக்கு? இதை வெளியாள் ஒருத்தரை வெச்சு டிசைன் பண்ணியிருந்தா எவ்வளவு கேட்டிருப்பான்?"

பீரங்கி பங்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் அப்படி என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அடிச்சிருங்க" என்றார் சூப்பர்வைசரிடம். "கணக்கிலேருந்து மொத்தமா அடிச்சிருங்க. பிடிச்சதைத் திருப்பிக் கொடுங்க. வந்த மிஷின் சும்மா போக வேணாம், வாய்க்காலைத் தூர் வாரட்டும். பாதிப் பந்து என்னோடதுதான்."

கும்பிடக் கை எழுந்தது. கையில் ரேக் இருந்தது. அதனால் தலையை மட்டும் அசைத்தேன். அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார். பல் டாக்டரம்மா, வீட்டுக்காரம்மாவிடம் உடனே போய்ச் சொல்லுங்கள், அந்தக் கை ஆறட்டும் என்றார். மனைவியின் கையைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. யார் சொன்னார்களோ. புல் வண்டிக்காரனாக இருக்கும். எங்கள் ஆட்களில், என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே எனக்காக வாய் திறந்தவன் அவன் ஒருவன்தான். இவர்களையெல்லாம் இன்றைக்கும் காலையில் முதல் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன். அந்த மழையையும் சேர்த்து. அது இரண்டு மாதம் மிஷினை வெளியே நிறுத்தி வைக்காவிட்டால் என் தப்பை எவரும் ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மதியம் ஆபீஸில் குமாஸ்தா பேரேட்டைத் திறந்து, என் பெயருக்கு எதிரே அளவுகோல் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு போட்டார். மூவாயிரத்துத் தொண்ணூற்றிரண்டை எண்ணிக் கொடுத்தார். சீட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கேன்டீனுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றேன். ஆவியும் சோப்பு வாசமும் முகத்தில் அடித்தது. மனைவி தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வேலை நேரத்தில் என்னைப் பார்த்ததும் பயந்துபோய், கையை நுரையிலிருந்து எடுக்காமலே, என்ன ஆச்சு என்றாள். சீட்டை நீட்டினேன். கை ஈரம், வாங்க முடியாது. படிங்க என்றாள்.

படித்தேன். பிடித்தம் செய்த தொகை திருப்பித் தரப்பட்டது. பாக்கி எதுவும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

இன்னொரு தடவை படித்தேன். அவள் கையுறைகளை ஒவ்வொன்றாக, மூன்றையும் கழற்றித் தொட்டியின் விளிம்பில் போட்டாள்.